ஒரு மடைக்கு இரண்டு ஆள்: அப்கிரேட் செய்ததும் நெட் போவது ஏன்?

கம்ப்யூட்டர் வாங்கிச் சில மாதங்கள் ஆனதும் எல்லோருக்கும் ஓர் ஆசை வரும். ஆபரேட்டிங் சிஸ்டத்தின் புதிய பதிப்பு வந்துவிட்டது, அதற்கு மாறிவிடலாம் என்று தோன்றும். திரையிலும் "அப்கிரேட் தயார்" என்று ஒரு கட்டம் வந்து நிற்கும். கிளிக் செய்வோம். ஒரு மணி நேரம் ஓடும். ரீஸ்டார்ட் ஆகும். பார்த்தால் படங்கள் இருக்கும், பாட்டு இருக்கும், பைல்கள் எல்லாம் பத்திரமாக இருக்கும். இன்டர்நெட் மட்டும் இருக்காது.

மோடம் எரிகிறது. கேபிள் சரியாக இருக்கிறது. பக்கத்து அறையில் போனில் வைஃபை வேலை செய்கிறது. பிறகு கம்ப்யூட்டருக்கு மட்டும் என்ன வந்தது? பெரும்பாலும் எந்தப் பாகமும் கெட்டிருக்காது. நெட்வொர்க்கைக் கவனிக்கும் பழைய புரோகிராமும் புதிய புரோகிராமும் ஒன்றோடு ஒன்று மோதிக்கொண்டிருக்கும். இந்த மோதலில் நானே ஒருமுறை நன்றாக மாட்டிக்கொண்டேன். அந்த அனுபவத்தையும், அதிலிருந்து தொடங்கிய ஒரு நோட்டுப் பழக்கத்தையும் இந்தக் கட்டுரையில் சொல்கிறேன்.

நடந்தது என்ன?

2021-ஆம் ஆண்டு. என் அக்கா வீடு சேரன்மகாதேவியில் இருக்கிறது. அங்கே உள்ள கம்ப்யூட்டரில் உபுண்டு லினக்ஸ் 16.04 பதிப்பை 2016-ல் நான்தான் இன்ஸ்டால் செய்து கொடுத்தேன். ஐந்து ஆண்டுகள் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. 2021 ஏப்ரலோடு அந்தப் பதிப்புக்கான இலவச அப்டேட் முடிந்துவிட்டது. எனவே அடுத்த பதிப்பான 18.04-க்கு மாற்றிவிடலாம் என்று ஒரு நாள் மாலை பாளையங்கோட்டையிலிருந்து பஸ் ஏறிப் போனேன்.

நான் கேட்க மறந்த ஒரு விஷயம் இருந்தது. அக்கா மகள் பிளஸ் 2 முடித்து, பொறியியல் கலந்தாய்வில் இருந்தாள். கல்லூரிகளின் விருப்பப் பட்டியலை மறுநாள் மாலைக்குள் ஆன்லைனில் பதிந்து முடிக்க வேண்டும். எந்தக் கல்லூரி முதலில், எந்தப் பிரிவு இரண்டாவது என்று குறியீட்டு எண்களோடு நான்கு பக்கத்துக்கு எழுதி வைத்திருந்தாள். போனின் சின்னத் திரையில் செய்தால் எண் மாறிவிடுமோ என்று பயந்து, கம்ப்யூட்டரில்தான் செய்வேன் என்று உட்கார்ந்திருந்தாள்.

அப்கிரேட் முடிந்தது. பிரவுசரைத் திறந்தால் ஒரு தளமும் வரவில்லை. அரை மணி நேரம் போராடி, ஒரு பைலில் ஒரு வரியைச் சேர்த்தேன். நெட் வந்தது. "இனி கவலையில்லை" என்று சொல்லிவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடித்து வீடு வந்தேன்.

காலை எட்டு மணிக்குப் போன். "மாமா, கம்ப்யூட்டரை ஆன் பண்ணினா நெட்டு வரலை. ராத்திரி வந்துச்சுல்லா?" பின்னாலிருந்து அக்காவின் குரல்: "நல்லா ஓடிக்கிட்டிருந்ததை எதுக்குல தொட்ட?"

என்னிடம் பதில் இல்லை. முதலில் வேலை நடக்க வேண்டும். போனை யூ.எஸ்.பி. கேபிளில் கம்ப்யூட்டரோடு இணைக்கச் சொன்னேன். போன் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் பகுதியில் "யூ.எஸ்.பி. டெதரிங்" என்பதை ஆன் செய்யச் சொன்னேன். உடனே நெட் வந்தது. மதியத்துக்குள் அவள் பட்டியலைப் பதிந்து முடித்தாள். அன்று போனில் டேட்டா தீர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்கும்.

ஆனால் இதில் ஒரு துப்பு இருந்தது. போன் வழியாக நெட் உடனே வருகிறது. கேபிள் வழியாக வரவில்லை. கம்ப்யூட்டர் ஒன்றுதான். அப்படியானால் இரண்டு வழிகளையும் இரண்டு வேறு ஆட்கள் கவனிக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

நெட் என்பது நான்கு காரியம்

இதைப் புரிந்துகொள்ள, "நெட் வருவது" என்றால் என்ன என்று முதலில் பார்ப்போம். கேபிளைச் சொருகியதும் உள்ளே நான்கு காரியங்கள் நடக்க வேண்டும்.

ஒன்று, நெட்வொர்க் கார்டு விழித்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு பெயரும் இருக்கும்.

இரண்டு, கம்ப்யூட்டருக்கு ஓர் ஐ.பி. முகவரி கிடைக்க வேண்டும். 192.168.1.20 என்பது போல இருக்கும் இந்த எண்தான் வீட்டு நெட்வொர்க்குக்குள் அதன் கதவு எண். பெரும்பாலும் மோடமே இதைக் கொடுக்கும். அந்த ஏற்பாட்டுக்கு டி.எச்.சி.பி. என்று பெயர். வேண்டுமானால் நாமே ஒரு நிரந்தர எண்ணையும் கொடுக்கலாம்.

மூன்று, வெளியே போகும் வாசல் எது என்று தெரிய வேண்டும். அதுதான் கேட்வே. வீடுகளில் இது மோடத்தின் எண்ணாக இருக்கும்.

நான்கு, பெயரை எண்ணாக மாற்றும் வசதி வேண்டும். நாம் பிரவுசரில் டைப் செய்வது பெயர். இன்டர்நெட்டுக்கு வேண்டியது எண். பெயரைச் சொன்னால் எண்ணைத் தேடித் தரும் டெலிபோன் டைரக்டரி போன்ற வேலையைச் செய்பவை டி.என்.எஸ். சர்வர்கள்.

இந்த நான்கையும் செய்வதற்கென்றே ஆபரேட்டிங் சிஸ்டத்தில் ஒரு புரோகிராம் இருக்கும். அதைத்தான் நெட்வொர்க் மேலாளர் என்கிறேன். ஒரே ஒரு மேலாளர் இருந்தால் சிக்கலே இல்லை. சிக்கல் எப்போது வருகிறது?

எங்கள் பக்கத்து உதாரணமே சொல்கிறேன். தாமிரபரணியில் கன்னடியன் அணைக்கட்டிலிருந்து பிரியும் கால்வாய்த் தண்ணீர் சேரன்மகாதேவிப் பக்கத்து வயல்களுக்குப் பாய்கிறது. வயலுக்குத் தண்ணீர் விட ஒரு மடை இருக்கும். அந்த மடையைத் திறக்கவும் அடைக்கவும் ஓர் ஆள் இருந்தால் போதும். இரண்டு பேரை வைத்து, இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் வேலை செய்தால் என்ன ஆகும்? ஒருவர் திறந்துவிட்டுப் போவார். மற்றவர் வந்து அடைப்பார். சில நேரம் "அவர் பார்த்துக்கொள்வார்" என்று இருவருமே தொடாமல் விட்டுவிடுவார்கள். ஆற்றில் தண்ணீர் இருக்கும், வயல் காயும்.

நெட்வொர்க்கிலும் இந்த இரண்டு விதமான கோளாறும் உண்டு. இரண்டு மேலாளர்கள் ஒரே கார்டைப் பிடித்து இழுப்பது ஒரு வகை. இருவருமே கைவிடுவது இன்னொரு வகை. எனக்கு நடந்தது இரண்டாவது.

யார் யார் அந்த மேலாளர்கள்?

உபுண்டு என்பது டெபியன் என்னும் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. நம் ஊரில் பலர் முதன்முதலில் லினக்ஸைப் பார்த்ததும் ஒரு டெபியன் வழிச் சிஸ்டத்தில்தான். தமிழக அரசு 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்களில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் உருவாக்கிய அந்தப் பாஸும் டெபியனிலிருந்து வந்ததுதான்.

டெபியன் குடும்பத்தின் பழைய மேலாளர் இப்அப்டவுன். இது ஒரு பைலைப் படித்து அப்படியே செய்யும். ஈ.டி.சி. போல்டரில் நெட்வொர்க் என்ற போல்டருக்குள் "இன்டர்பேஸஸ்" என்ற பெயரில் அந்தப் பைல் இருக்கும். எந்த கார்டுக்கு எந்த எண், எந்தக் கேட்வே, எந்த டி.என்.எஸ். என்று அதில் எழுதிவிட்டால் போதும். ஒரே இடத்தில் நிற்கும் கம்ப்யூட்டருக்கு இது நன்றாகவே பொருந்தியது.

லேப்டாப்களும் வைஃபையும் பெருகியதும் இது போதவில்லை. வீட்டில் ஒரு வைஃபை, கல்லூரியில் இன்னொன்று என்று மாறிக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு முறையும் பைலைத் திறந்து எழுத முடியுமா? அதற்காக ரெட் ஹேட் நிறுவனம் 2004-ல் தொடங்கியதுதான் நெட்வொர்க் மேனேஜர். திரையின் மூலையில் நெட் அடையாளத்தைக் கிளிக் செய்து வைஃபையைத் தேர்ந்தெடுக்கிறோமே, அதற்குப் பின்னால் இருப்பது இதுதான்.

மூன்றாவது, சிஸ்டம்டி என்ற தொகுப்பில் 2014-ல் சேர்ந்த நெட்வொர்க்டி. இதை அதிகம் பயன்படுத்துவது சர்வர்கள். அதே தொகுப்பில் ரிசால்வ்டி என்ற இன்னொரு புரோகிராம் டி.என்.எஸ். வேலையை எடுத்துக்கொண்டது.

இத்தனை பேர் இருந்தால் குழப்பம்தானே? உபுண்டுவை வெளியிடும் கெனானிக்கல் நிறுவனம் நெட்பிளான் என்பதைக் கொண்டுவந்தது. இது தானாக எந்த கார்டையும் இயக்காது. ஒரு பைலில் நாம் எழுதுவதைப் படித்து, "இந்த வேலையை நெட்வொர்க் மேனேஜர் செய்யட்டும்" அல்லது "நெட்வொர்க்டி செய்யட்டும்" என்று பிரித்துக் கொடுக்கும் கணக்குப்பிள்ளை இது. 2017 அக்டோபரில் வந்த உபுண்டு 17.10 முதல், புதிதாக இன்ஸ்டால் செய்யும் கம்ப்யூட்டர்களில் இப்அப்டவுனுக்குப் பதில் நெட்பிளான் வந்தது.

"புதிதாக இன்ஸ்டால் செய்யும்" என்பதைக் கவனியுங்கள். பழைய பதிப்பிலிருந்து அப்கிரேட் செய்தால், நீங்கள் எழுதிய பழைய பைலைச் சிஸ்டம் தொடாது. இப்அப்டவுனும் அப்படியே தொடரும். அந்தப் பதிப்போடு வெளியிட்ட குறிப்புகளில் இது தெளிவாகவே எழுதியிருந்தது. படிக்காதது என் தவறு.

அக்கா வீட்டு மோதல்

இப்போது அக்கா வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வருவோம். 2016-ல் நான் அங்கே ஒரு வேலை செய்திருந்தேன். அத்தான் வைத்திருந்த இன்னொரு பழைய கம்ப்யூட்டரிலிருந்து இந்தக் கம்ப்யூட்டரின் பிரிண்டருக்கு அச்செடுக்க வேண்டும் என்றார். அதற்கு இதன் ஐ.பி. எண் தினமும் மாறக்கூடாது. எனவே இன்டர்பேஸஸ் பைலில் நிரந்தர எண், கேட்வே, டி.என்.எஸ். மூன்றையும் என் கையாலேயே எழுதி வைத்தேன். பிறகு மறந்தும் போனேன்.

அந்தப் பைலில் ஒரு கார்டின் பெயர் இருந்தால், நெட்வொர்க் மேனேஜர் "இது வேறு ஆளின் பொறுப்பு" என்று ஒதுங்கிக்கொள்ளும். இது கோளாறு அல்ல. மோதலைத் தவிர்க்கச் செய்த நல்ல ஏற்பாடு. செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதியைத் திறந்தால் அந்த கார்டுக்கு எதிரே "அன்மேனேஜ்டு" என்று காட்டும். "நான் கவனிக்கவில்லை" என்று பொருள்.

சரி, இப்அப்டவுன்தான் கவனிக்கிறதே, பிறகு ஏன் நெட் வரவில்லை? இங்கேதான் விஷயம் இருக்கிறது. பைலில் நான் எழுதிய மூன்று வரிகளில் ஐ.பி. எண்ணையும் கேட்வேயையும் இப்அப்டவுன் தானே செய்துவிடும். டி.என்.எஸ். வரியை மட்டும் ரிசால்வ்கான்ப் என்ற ஒரு சின்ன உதவியாளரிடம் கொடுக்கும். 16.04-ல் அந்த உதவியாளர் சிஸ்டத்தோடு சேர்ந்தே வந்தார். 18.04-ல் அந்த வேலை ரிசால்வ்டிக்குப் போய்விட்டதால், அவர் கட்டாயம் இல்லை.

அப்கிரேட் முடியும்போது, "தேவையற்ற பழைய புரோகிராம்களை நீக்கவா?" என்று ஒரு கேள்வி வரும். நான் பட்டியலைப் பார்க்காமலே "நீக்கு" என்று கிளிக் செய்தேன். போன புரோகிராம்களில் ரிசால்வ்கான்பும் ஒன்று. இனி நான் எழுதிய டி.என்.எஸ். வரியை எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. புதிய ரிசால்வ்டியோ எந்த டி.என்.எஸ். சர்வரைக் கேட்பது என்று தெரியாமல் காத்திருந்தது. ஐ.பி. எண் இருக்கிறது, வாசல் இருக்கிறது, டைரக்டரி மட்டும் இல்லை.

போன் வழியாக ஏன் வந்தது? யூ.எஸ்.பி. போன் என்பது புதிய கார்டு போலத் தெரியும். அதன் பெயர் பழைய பைலில் இல்லை. எனவே நெட்வொர்க் மேனேஜர் அதைக் கையில் எடுத்து, போன் சொன்ன டி.என்.எஸ். விவரத்தை முறையாக ரிசால்வ்டியிடம் கொடுத்தது.

அப்படியானால் முதல் நாள் இரவு நான் செய்தது ஏன் நிலைக்கவில்லை? ஈ.டி.சி. போல்டரில் "ரிசால்வ்" என்று தொடங்கும் ஒரு பைல் உண்டு. டி.என்.எஸ். எண்கள் அங்கேதான் இருக்கும். நான் அதில் நேரடியாக ஓர் எண்ணை எழுதினேன். ஆனால் அது உண்மையில் ரிசால்வ்டி ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்கும் பைலுக்கான ஒரு குறுக்கு வழிதான். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் நான் எழுதியது போய்விடும். "இதைத் திருத்தாதீர்கள்" என்று அந்தப் பைலின் தொடக்கத்திலேயே எழுதியும் இருந்தது. அவசரத்தில் தாண்டிப் போய்விட்டேன்.

சரி செய்த விதம்

அன்று மாலை மீண்டும் சேரன்மகாதேவி போனேன். இந்த முறை எதையும் தொடுவதற்கு முன் மூன்று சோதனைகள் செய்தேன். இவற்றை நீங்களும் செய்யலாம். லினக்ஸில் டெர்மினலையும், விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டையும் திறந்துகொள்ளுங்கள்.

முதலில் பிங் என்று ஆங்கில எழுத்தில் டைப் செய்து, இடைவெளி விட்டு, உங்கள் மோடத்தின் எண்ணைக் கொடுத்து என்டர் தட்டுங்கள். பதில் வந்தால் கார்டு, கேபிள், ஐ.பி. எண் எல்லாம் சரி.

அடுத்து பிங் கொடுத்து 8.8.8.8 என்று டைப் செய்யுங்கள். இது கூகுளின் டி.என்.எஸ். சர்வர் எண். பதில் வந்தால் உங்கள் வாசலும் இன்டர்நெட் இணைப்பும் சரி.

மூன்றாவதாக பிங் கொடுத்து, ஏதாவது ஒரு பெரிய தளத்தின் பெயரை டைப் செய்யுங்கள். முதல் இரண்டுக்கும் பதில் வந்து இதற்கு மட்டும் வரவில்லை என்றால் கோளாறு டி.என்.எஸ்.-ல். எனக்கு அப்படித்தான் வந்தது. லினக்ஸில் பிங் நிற்காமல் ஓடும். கன்ட்ரோல் கீயோடு சி-யை அழுத்தினால் நிற்கும்.

அடுத்து, யார் பொறுப்பு என்பதை ஒரே ஆளிடம் கொடுத்தேன். வீட்டு உபயோகத்துக்கு நெட்வொர்க் மேனேஜரே நல்லது. திரையில் பார்த்துச் செய்யலாம், கூட இருப்பவர்களுக்கும் புரியும். எனவே இன்டர்பேஸஸ் பைலை முதலில் ஒரு காப்பி எடுத்து வைத்தேன். பிறகு அதில் என் கார்டைப் பற்றிய ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் # குறியைப் போட்டேன். இந்தக் குறி இருந்தால் சிஸ்டம் அந்த வரியைப் படிக்காது. வரியை அழிக்கவில்லை என்பதால் வேண்டும்போது குறியை எடுத்துப் பழைய நிலைக்குத் திரும்பலாம். "எல்.ஓ." என்ற பெயரோடு இருக்கும் வரிகளைத் தொடவில்லை. அவை கம்ப்யூட்டர் தன்னோடு தானே பேசுவதற்கானவை.

ரீஸ்டார்ட் செய்ததும் "அன்மேனேஜ்டு" மறைந்து, கேபிள் இணைப்பு நெட்வொர்க் மேனேஜருக்கு வந்தது. கடைசியாக செட்டிங்ஸ், நெட்வொர்க், பல்சக்கர அடையாளம், ஐ.பி.வி.4 என்று போய், "மேனுவல்" தேர்ந்தெடுத்து, பழைய எண்ணையும் கேட்வேயையும் டி.என்.எஸ்.-ஐயும் கொடுத்தேன். நெட்டும் வந்தது, அத்தானின் பிரிண்டரும் வேலை செய்தது. மூன்று முறை அணைத்துப் போட்டு நெட் நிலைத்து நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் கிளம்பினேன்.

விண்டோஸிலும் உண்டு

இது லினக்ஸின் குறை என்று நினைக்க வேண்டாம். 2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் வைஃபையைக் கவனிக்க "வயர்லெஸ் ஜீரோ கான்பிகரேஷன்" என்ற சேவை இருந்தது. வைஃபை கார்டு வாங்கினால் கூட ஒரு சி.டி. வரும். அதில் கார்டு தயாரித்தவரின் சொந்த மேலாளர் இருக்கும். இரண்டையும் வைத்தால் கடிகாரத்துக்குப் பக்கத்தில் இரண்டு அடையாளங்கள் வரும். ஒன்று இணைக்கும், மற்றது துண்டிக்கும். எக்ஸ்பியில் "என் வயர்லெஸ் நெட்வொர்க்கை விண்டோஸே கவனிக்கட்டும்" என்ற பொருளில் ஒரு டிக் கட்டம் இருந்தது. அதை எடுத்தால் கார்டின் மேலாளர், வைத்தால் விண்டோஸ். ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் சண்டை முடிந்தது.

2015-ல் விண்டோஸ் 8.1-லிருந்து 10-க்கு மாறிய சிலருக்கு வைஃபையே காணாமல் போனது. கம்ப்யூட்டரில் முன்பு போட்டிருந்த சில பழைய வி.பி.என். சாப்ட்வேர்கள் நெட்வொர்க் கார்டுக்கு நடுவே ஒரு வடிகட்டியைச் செருகி வைத்திருந்தன. அந்தச் சாப்ட்வேர் புதிய விண்டோஸுக்குப் பொருந்தாமல் போக, வடிகட்டி மட்டும் நடுவில் அடைத்துக்கொண்டு நின்றது. அந்த மிச்சத்தை நீக்கும் வழியை மைக்ரோசாப்ட் அப்போது வெளியிட்டது.

விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்ததால், விண்டோஸ் 11-க்கோ லினக்ஸுக்கோ மாறும் வீடுகள் நிறைய. நீங்களும் அதில் ஒருவராக இருந்தால், அப்கிரேடுக்கு முன் பழைய வி.பி.என்., கூடுதல் பயர்வால், கார்டு தயாரித்தவரின் மேலாளர் ஆகியவற்றில் தேவையில்லாததை முறையாக அன்இன்ஸ்டால் செய்யுங்கள்.

மற்ற சிஸ்டங்களிலும் இந்த மாற்றம் நடந்துகொண்டேதான் இருக்கிறது. ராஸ்பெர்ரி பை என்னும் சிறிய கம்ப்யூட்டரின் சிஸ்டம் 2023 அக்டோபரில் டி.எச்.சி.பி.சி.டி. என்ற பழைய மேலாளரை விட்டு நெட்வொர்க் மேனேஜருக்கு மாறியது. பழைய பைலில் நிரந்தர எண் எழுதிப் பழகியவர்கள், அதே பைலில் எழுதியும் பயனில்லாமல் திகைத்தார்கள். 2022-ல் வந்த ரெட் ஹேட் லினக்ஸ் 9-ல் பழைய நெட்வொர்க் ஸ்கிரிப்ட்கள் நீக்கப்பட்டன. உபுண்டுவிலேயே 23.10 பதிப்பு முதல், நெட்வொர்க் மேனேஜரில் நாம் செய்யும் அமைப்புகள் நெட்பிளான் பைல்களாகச் சேமிக்கப்படுகின்றன. ஆக, பழைய புத்தகத்தில் படித்த இடத்தில் இப்போது அந்தப் பைல் இருக்கும் என்று நம்பக் கூடாது.

அறிகுறியைப் பார்த்துக் கண்டுபிடியுங்கள்

என் நோட்டில் இதுவரை சேர்ந்தவற்றை இங்கே தருகிறேன்.

* எண்ணுக்குப் பதில் வருகிறது, பெயருக்கு வரவில்லை: டி.என்.எஸ். விவரம் சரியான ஆளிடம் போகவில்லை.

* செட்டிங்ஸில் "அன்மேனேஜ்டு" என்று இருக்கிறது: கார்டின் பெயர் வேறு மேலாளரின் பைலில் இருக்கிறது. இன்டர்பேஸஸ் பைலையும் நெட்பிளான் போல்டரையும் பாருங்கள்.

* கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது நெட்வொர்க்குக்காகக் காத்திருப்பதாகச் சொல்லி இரண்டு நிமிடமோ ஐந்து நிமிடமோ நிற்கிறது: இல்லாத கார்டையோ கேபிள் இல்லாத கார்டையோ ஒரு மேலாளர் எழுப்பப் பார்க்கிறார்.

* கார்டே இல்லை என்கிறது: பெயர் மாறியிருக்கலாம். முன்பு ஈ.டி.எச்.0 என்று இருந்த பெயர், உபுண்டுவில் 2015 அக்டோபரில் வந்த 15.10 முதல் புதிய இன்ஸ்டாலேஷன்களில் ஈ.என்.பி.2.எஸ்.0 என்பது போல, கார்டு இருக்கும் இடத்தைக் காட்டும் பெயராக மாறியது. பழைய பெயரைப் பைலில் காப்பி செய்தால் வேலை செய்யாது.

* ஒரே கார்டுக்கு இரண்டு ஐ.பி. எண்கள் தெரிகின்றன: இரண்டு மேலாளர்கள் ஒரே நேரத்தில் வேலை செய்கிறார்கள். ஒருவரை நிறுத்துங்கள்.

* திருத்தினால் சரியாகிறது, ரீஸ்டார்ட் செய்தால் பழையபடி: தானாக உருவாகும் பைலைத் திருத்தியிருக்கிறீர்கள். அதை உருவாக்குபவர் யார் என்று தேடி, அங்கே மாற்றுங்கள்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று

இத்தனை கஷ்டமும் வந்ததற்கு உண்மையான காரணம் என்ன? 2016-ல் நான் கையால் ஒரு மாற்றம் செய்தேன். அதை எங்கும் எழுதி வைக்கவில்லை. ஐந்து ஆண்டு கழித்து எனக்கே நினைவில்லை. அன்று கடையில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, கம்ப்யூட்டர் மேஜையிலேயே கட்டித் தொங்கவிட்டேன். நீங்களும் வாங்குங்கள். அப்கிரேடுக்கு முன் அதில் இவற்றை எழுதுங்கள்:

1. இன்றைய தேதி, இப்போதுள்ள பதிப்பு, மாறப்போகும் பதிப்பு.

2. நெட் நன்றாக இருக்கும்போதே கார்டின் பெயர், ஐ.பி. எண், கேட்வே, டி.என்.எஸ். விண்டோஸில் ஐபிகான்பிக் என்று டைப் செய்து, இடைவெளி விட்டு, ஸ்லாஷ் போட்டு, ஆல் என்று கொடுத்தால் நான்கும் வரும். உபுண்டுவில் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதியில் பார்க்கலாம்.

3. நிரந்தர எண் கொடுத்திருக்கிறீர்களா? ஆம் என்றால் எங்கே, எதற்காக? "எதற்காக" என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். காரணம் தெரியாவிட்டால் அதை எடுக்கவும் பயமாக இருக்கும், விடவும் பயமாக இருக்கும்.

4. நெட்வொர்க்கைத் தொடும் எல்லாச் சாப்ட்வேர்களின் பெயர்களும்.

5. வைஃபை பாஸ்வேர்டு, இணைப்பின் யூசர் நேம். நெட் இல்லாதபோது இவற்றை நெட்டில் தேட முடியாது.

6. புதிய பதிப்பின் வெளியீட்டுக் குறிப்புகளில் நெட்வொர்க் பற்றி என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று இரண்டு வரி.

அப்கிரேட் முடிந்ததும் மூன்று பிங் சோதனைகளையும் செய்து விடையை எழுதுங்கள். கோளாறு வந்தால் திரையில் வந்த செய்தியைச் சொல் மாறாமல் எழுதுங்கள், அல்லது போனில் படம் எடுங்கள். "ஏதோ எரர் வந்தது" என்று சொன்னால் உங்களுக்கு உதவ வருபவரால் ஒன்றும் செய்ய முடியாது. எந்தப் பைலில் எந்த வரியை மாற்றினீர்கள், பழைய வரி என்ன என்பதையும் எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்து சோதியுங்கள். நான்கை ஒன்றாக மாற்றினால் எது சரி செய்தது என்று தெரியாமலே போகும்.

கடைசியாக ஒன்று. பரீட்சை, விண்ணப்பம், கலந்தாய்வு, பணம் கட்டும் கடைசி நாள் இவற்றுக்கு முன் அப்கிரேட் வேண்டாம். வீட்டில் எல்லோரையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். பக்கத்தில் டேட்டா உள்ள ஒரு போனும் கேபிளும் இருக்கட்டும்.

அக்கா மகள் 2025-ல் பொறியியல் முடித்துவிட்டாள். அதே கம்ப்யூட்டரை அடுத்த பதிப்புக்கு அவளே மாற்றினாள். முன்னதாகப் போன் செய்து, "மாமா, நோட்டுல மூணாம் பக்கத்துல பிரிண்டருக்குன்னு ஒரு நம்பர் எழுதியிருக்கீங்க. அத்தப் பழைய கம்ப்யூட்டர்தான் இப்ப இல்லையே, எடுத்துரட்டுமா?" என்று கேட்டாள். எடுத்துவிடச் சொன்னேன். தேதி போட்டு நான்காம் பக்கத்தில் அதையும் எழுதிவிட்டதாகச் சொன்னாள்.